ஏழாம் நம்பர் பிளக்

19-10-2023, வியாழன்

முதலாளி தங்கதுரை அண்ணனுக்கு மறுபடியும் பாடம் எடுத்தேன். இரண்டு வாட்டர் ஸ்கூட்டரும் பார்க்க ஒன்றுபோலத்தானே இருக்கிறது, ஸ்பார்க் பிளக்கும் ஒன்றே போட்டால் என்ன என்கிறார். புதுச்சேரியில் பழசாகப் பிடித்து வந்தவர், நிறத்தைப் பார்த்து வாங்கியிருப்பார்.

மஞ்சள் வண்டி சாதா இன்ஜின். சிவப்பில் சூப்பர்சார்ஜர் இருக்கிறது. காற்றை அழுத்தித் திணிக்கும், உள்ளே சூடு ஏறும், அந்தச் சூட்டைப் பிளக் சீக்கிரம் வெளியே கடத்த வேண்டும். இந்தக் கம்பெனிப் பிளக்கில் நம்பர் கூடக் கூடச் சூட்டை வேகமாகக் கடத்தும். மஞ்சளுக்கு ஏழு. சிவப்புக்கு எட்டா ஒன்பதா என்று யோசித்து யோசித்து, ஒன்பது. மெதுவாக ஓட்டினால் கரி பிடிக்கும். பிடிக்கட்டும், துடைத்துக்கொள்ளலாம். ஓட்டை விழுந்த பிஸ்டனைத் துடைக்க முடியாது.

"ஏழப் போட்டா ஓடாதா?"

"ஓடும். ஓடிக்கினே பிஸ்டன்ல ஓட்டை வுடும்."

கடலில் ஓட வேண்டிய இன்ஜின். கல்வராயன் மலையடிவாரத்தில், ரிசார்ட்டுக்காக இவர் வெட்டிய குளத்தில், கள்ளக்குறிச்சிக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வட்டமடிக்கிறது. டிப்ளமோ படித்தவனுக்கு ஊர்ப் பக்கம் இதாவது கிடைத்ததே.

23-10-2023

ஆயுத பூஜை. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், இரண்டு வண்டியின் பிளக்குகள், எல்லாம் ஒரே தட்டில். அண்ணன் சந்தனத்தை அள்ளி அப்பினார். பிளக்கில் ஒரு நம்பரும் தெரியவில்லை. காலையில் துடைத்துக்கொள்ளலாம். இன்று தொடக்கூடாதாம்.

சிவப்பு வண்டியை ஓட்டும் கொளஞ்சியப்பன் அண்ணன் பொரியை மடியில் கட்டிக்கொண்டு போனார். போன வருஷம் வரை ஊர் ஊராகப் போய்க் கரும்பு வெட்டியவர். மகளும் கூடவே அலைந்ததாம். "இந்த வருசந்தான் தம்பி, பொண்ணு ஒரே பள்ளிக்கூடத்துல குந்திக்கினு படிக்குது" என்றார்.

24-10-2023

சிவப்பு வண்டி போச்சு.

25-10-2023

நேற்று எழுத முடியவில்லை.

காலையிலேயே வாசலில் கார்கள். தங்கதுரை அண்ணன் சீக்கிரம் மாட்டச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். தட்டில் பிளக் மூன்று இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். எது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மரையை மட்டும் துடைத்தேன். சந்தனத்தோடு மாட்டினேன். படித்தவன் செய்கிற வேலையா? மஞ்சள் வண்டி அப்போதே திக்கியது. அதையும் கவனிக்கவில்லை.

சிவப்பில் கொளஞ்சி அண்ணன், பின்னால் ஒரு காலேஜ் பையன். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று அவன் கத்துவது கரைக்குக் கேட்டது. கொளஞ்சி அண்ணன் முழுசாக முறுக்கினார். நடுக்குளத்தில் ஒரு சத்தம், வண்டி செத்தது. பையன் தண்ணீரில் விழுந்து லைஃப் ஜாக்கெட்டில் மிதந்தான். கொளஞ்சி அண்ணனுக்குக் கைப்பிடியில் மோதி உதடு கிழிந்துவிட்டது.

கொட்டகையில் தனியாகப் பிளக்கைக் கழற்றினேன். முனை உருகியிருந்தது. ஒட்டிக் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். ஏழு. மூன்றிலும் ஏழு. மஞ்சளைத் திறந்தேன், அதில் ஒன்பது.

செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று ஏழும் என் பேன்ட் பைக்குள் போய்விட்டன. சூடு தொடையில் தெரிந்தது.

தங்கதுரை அண்ணன், "இன்னாப்பா, அவன் முறுக்குனதாலதான?" என்றார்.

"ஃபுல்லா முறுக்குனா இப்டி ஆவும்."

பொய் இல்லை. ஏழு போட்டால் ஆகும். ஒன்பது இருந்திருந்தால் நாள் முழுக்க முறுக்கியிருக்கலாம். அதைச் சொல்லவில்லை.

26-10-2023

கொளஞ்சி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். போகும் முன் கொட்டகைக்கு வந்தார். உதடு வீங்கியிருந்தது.

"தம்பி, உங்க வண்டிய ஒடச்சிட்டேங்க. அந்தப் பையன் கத்திக்கினே இருந்தான். கை கேக்கல."

நான் "பரவால்லண்ணா" என்றேன்.

பரவாயில்லையாம். நான் அவரை மன்னித்தேனாம்.

28-10-2023

சந்தனம் அப்பியது தங்கதுரை. அவசரப்படுத்தியது தங்கதுரை. துடைக்காதது? வாயை மூடிக்கொண்டது?

30-10-2023

கொளஞ்சி அண்ணன் மனைவி சாலம்மாள் வந்தாங்க. அவருடைய வேலைச் சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க.

"ரிஷிவந்தியம் பக்கம் வெட்டுக்குப் போறோம் தம்பி. பொண்ணயும் இட்டுக்கினுதான்."

"பள்ளிக்கூடம்?"

"கரும்புக் கொல்லையில ஏது பள்ளிக்கூடம்." போகிற போக்கில் நின்று சொன்னாங்க: "ராவுல எந்திரிச்சி கையையே பாத்துக்கினு குந்தியிருக்காரு. இன்னா பாழாப்போன கை இதுன்றாரு."

சொல்லியிருக்கலாம். வாசல் தாண்டும்வரை நேரம் இருந்தது.

31-10-2023

மூன்று பிளக்கையும் தங்கதுரை அண்ணன் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்துத்தான் போனேன். சிரித்தார்.

"சரி வுடு. தெரிஞ்சிக்கினா செஞ்ச?"

"அவரத் திரும்பக் கூப்டுங்க."

"அவன் முறுக்குனது பொய்யா? வண்டி ஓட்ட பத்து பேரு வருவான். இதப் பிரிச்சி மாட்ட ஒன்ன வுட்டா இங்க யாரு? போய் வேலயப் பாரு."

ஒரு வசவுகூட விழவில்லை. அடி விழுந்திருந்தால் தேவலாம்.

1-11-2023

புது பிஸ்டன் வந்திருக்கிறது.

"கொளஞ்சி அண்ணன் வந்தாதான் இத ஏத்துவேன்."

"மிரட்டுறியா?"

"ஆமா."

"தீபாவளிக் கூட்டத்துக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"மஞ்ச வண்டி இருக்குல்ல."

கண்ணில் பட்டதையெல்லாம் எட்டி உதைத்தார். வசவில் என் அப்பாவையும் இழுத்தார். கடைசியில், "போ, போய்க் கூட்டியா. ஆனா எதுக்குக் கூப்புடுறேன்னு நீயே அவங்கிட்ட சொல்லு" என்றார்.

3-11-2023

ரிஷிவந்தியம் தாண்டி ஒரு கரும்புக் கொல்லை. வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். எந்தப் பிளக், எந்த வண்டி, நான் எதைத் துடைக்கவில்லை, எல்லாம். கத்தி நின்றது.

"அப்ப எங் கையால இல்லயா?"

"இல்லண்ணா."

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

சாலம்மாள் கட்டுக் கட்டுவதை விட்டுவிட்டு வந்தாங்க. "கால்ல வுழாத கொறையா வந்து நின்னாரே. அப்ப வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த நீ?"

மகள் வரப்பில் உட்கார்ந்திருந்தது. இன்று வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் இருக்கிற நாள்.

"வேல காலியாத்தான் இருக்குண்ணா" என்றேன்.

"இந்தக் கொல்லய முடிக்காம வர முடியாது. மேஸ்திரிகிட்ட வாக்குக் குடுத்துட்டுத்தான் எறங்கினேன்." கரும்பு ஒன்றை வெட்டிப் போட்டு, "போங்க" என்றார்.

12-11-2023

தீபாவளி. ஏகக் கூட்டம். சிவப்பு வண்டி பிரித்தபடி கிடக்கிறது. தங்கதுரை என்னிடம் பேசுவதில்லை.

20-11-2023

கொளஞ்சி அண்ணன் வந்துவிட்டார். மகளைப் பழைய வகுப்பிலேயே உட்கார வைத்துவிட்டார்களாம். இது சமையற்கட்டில் பேசிக்கொண்டது, என்னிடம் சொன்னதல்ல.

அவர் வருகிற சேதி கேட்டு நேற்றே பிஸ்டன் ஏற்றி, பிளக் மாட்டி முடித்திருந்தேன். அவர் வண்டியில் ஏறவில்லை.

"கழட்டுங்க."

"புதுசுதாண்ணா, ஒம்போதுதான்."

"கழட்டுங்க."

கழற்றினேன். ஒவ்வொன்றாக வாங்கி, கட்டை விரலால் தேய்த்து, வெயிலில் திருப்பிப் பார்த்தார். மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

"மாட்டுங்க."

4-12-2023

இன்றும் கழற்றச் சொன்னார். கழற்றிக் காட்டினேன்.