நாலாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை

திண்டிவனம்
19-7-87

கர்த்தருக்குள் அன்பான மகன் மாசிலாமணிக்கு உன் அம்மா வீரம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், விழுப்புரத்தில் அம்சா அக்காவும் மாப்பிள்ளையும் சுகம், அக்காவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. நீ அந்தத் தண்ணீர்மேல் கைகாலோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்கள் சுகம் முழுசாகும். ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து படி. நடுவில் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. ஏன் சொல்கிறேன் என்று போகப் போகத் தெரியும்.

ஆடி பிறந்ததிலிருந்து இங்கே காற்று பேயாய் அடிக்கிறது. பின்பக்கத்து ஓடு நகர்ந்துபோய் அப்பா ஏறிச் சரி செய்தார். எனக்கு ஓட்டைப் பற்றிக் கவலை இல்லை, தரையிலேயே இப்படி அடித்தால் கடலில் எப்படி அடிக்கும் என்றுதான் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். நான் கண்ட கடல் மரக்காணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்ததுதான், அதற்கே அப்பா கையைப் பிடித்துக்கொண்டேன். காற்று போதாதென்று ரேடியோ வேறு. எண்ணெய் ஏற்றிப்போகிற கப்பல்மேல் குண்டு போடுகிறார்கள் என்று காலைச் செய்தியில் சொல்கிறான், எந்தக் கப்பல், யாருடைய கப்பல், அதில் நம் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தார்களா, ஒன்றும் சொல்லாமல் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறான் பாவி. நீயும் எண்ணெய்க் கப்பலில்தானே இன்ஜின் ரூமில் நிற்கிறாய். அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு, 'பேரு மட்டும் வீரம்மா, ரேடியோ பொட்டிக்கே பயந்துக்கினு கெடக்குறா' என்று சிரிக்கிறார். சிரிக்கிறாரே தவிர, தண்டவாள வேலைக்குப் போகிற வழியில் டீக்கடையில் நின்று அதே செய்தியை இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போகிறாராம், கடைக்காரர் சின்னக்கண்ணு என்னிடம் சொன்னார். நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீ போன பிறகு நான் பைபிள் படித்த லட்சணத்தைச் சொன்னால் சிரிப்பாய். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணுவேன், கண்ணைத் திறக்காமலே புத்தகத்தை எங்கேயாவது பிரித்து விரலை வைப்பேன், விரல் பட்ட வரிதான் அன்றைக்கு உன்னைப் பற்றி எனக்கு வந்த சேதி. நம் சபை ஐயரம்மா இந்தப் பழக்கம் வேண்டாம் என்று கோயிலில் வைத்தே சொன்னார்கள், எனக்கு எங்கே காதில் ஏறும். நல்ல வரி வந்தால் சத்துணவுக் கூடத்தில் பாடிக்கொண்டே அரிசி களைவேன். கெட்ட வரி வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இந்த விரலுக்கு என்ன கேடோ, ஒரு நாள் யோனாவைக் கடலில் தூக்கிப் போட்ட இடத்தில் போய் நிற்கிறது, ஒரு நாள் அழுகிற தாய்மார்மேல் நிற்கிறது, ஒரு நாள் பவுல் போன கப்பல் தரைதட்டி உடைகிற இடத்தில் நிற்கிறது. அந்தக் கப்பல் உடைந்த அன்றைக்குச் சாம்பாரில் உப்பைப் போட்டதே தெரியாமல் மறுபடியும் போட்டுவிட்டேன். பிள்ளைகள் வாயில் வைத்ததும் துப்பிவிட்டார்கள். அமைப்பாளர் அம்மா ருசி பார்த்துவிட்டு, 'இன்னா வீரம்மா, கடல் தண்ணிய மொண்டாந்து ஊத்திட்டியா' என்று விளையாட்டாகத்தான் கேட்டார்கள். கடல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், உப்புக்கு யாராவது இப்படி அழுவார்களா என்று பார்த்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. தபால்காரர் விருத்தாசலம் தூரத்திலிருந்தே ஃபாரின் லெட்டர் என்று கத்திக்கொண்டு வந்தார். வாங்கி உட்காரக்கூட இல்லை, அவசரத்தில் ஒட்டாத பக்கத்தில் கிழித்து, பைபிளைப் பிரிக்கிற மாதிரியே நடுவில் பிரித்துவிட்டேன். கண் போய் நின்ற இடத்தில், இடது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று உன் கையெழுத்தில் இருந்தது. அதற்குமேல் எனக்கு எழுத்தே தெரியவில்லை. கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைச் சாத்தாமல், காலில் செருப்பு இல்லாமல் ஓடி விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அப்பா அன்றைக்கு எந்த மைலில் வேலையாக நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா வீடுதான். வழியெல்லாம் கடிதத்தை எடுத்துப் படிக்கத் தைரியம் வரவில்லை, இன்னும் என்ன எழுதியிருக்குமோ என்று பயம். ஒற்றைக் கையால் நீ சட்டைப் பொத்தான் எப்படிப் போடுவாய், லுங்கி எப்படிக் கட்டுவாய் என்று நினைத்து நினைத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அக்காவுக்கு முகமே செத்துப்போய்விட்டது. 'அப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு' என்றாள். நான் கடிதத்தை நீட்டினேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தாள். நீ நலம் என்றுதானடா முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். கை போனது உங்கள் சமையல்கட்டில் வேலை பார்த்த கோவாக்காரப் பிள்ளைக்கு, ஆவிக் குழாய் வெடித்து வெந்துபோனது, அவனைக் கரையில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம், கப்பலில் இருந்தவரைக்கும் நான்தான் சோறு ஊட்டினேன் என்று எழுதியிருந்தாய். அக்காவுக்குக் கோபம் வந்ததே பார்க்கணும். 'லெட்டர நடுவுலருந்து யாருனா படிப்பாங்களாம்மா? வயித்துல புள்ளைய வெச்சிக்கினு இருக்குறேன், இந்நேரம் எனக்கு உசுரு பூட்டிருக்கும்' என்று கத்திவிட்டு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்புறம் ரெண்டு பேரும் சிரித்தோம். ஸ்தோத்திரம் ஆண்டவரே, போனது என் பிள்ளை கை இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. அவனுக்கும் கோவாவில் ஒரு அம்மா இருப்பாளே, அவளுக்கு எந்த மகள் கடிதம் படித்துக் காட்டினாளோ. அவன் பெயரை மறக்காமல் எழுது, பெயர் தெரியாமல் அந்தப் பிள்ளை அந்தப் பிள்ளை என்றே ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறேன். குழாய்தான் வெடித்ததா, இல்லை நான் பயப்படுவேன் என்று குண்டை மறைத்துக் குழாய் என்று எழுதினாயா, அதையும் உள்ளபடி எழுது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா கத்தினதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. பெற்ற பிள்ளை எழுதின கடிதத்தை நடுவில் ஒரு வரி பார்த்துவிட்டு உயிரை விடப் பார்த்தேனே, கர்த்தர் எழுதிக் கொடுத்ததையும் இத்தனை நாளாக இப்படித்தானே படித்தேன். மறுநாள் காலையில் விரல் வைக்கவில்லை. ஐயரம்மா சொன்னபடி யோவான் எழுதின முதல் நிருபத்தை எடுத்தேன், அதுவும் ஒரு கடிதம்தான், சின்னது, ஐந்தே அதிகாரம், கர்த்தருடைய அன்பைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசுகிறது. முதல் வரியிலிருந்து கொஞ்சமாகப் படித்தேன். பயமாகத்தான் இருந்தது, அடுத்த வரியில் என்ன இருக்குமோ என்று. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிற மாதிரி இருக்கிறது மாசிலாமணி. அப்பா கிறிஸ்மஸ் தவிரக் கோயில் பக்கம் வராத மனுஷன், டீயைக் குடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் எடுத்ததும் தெருவைப் பார்த்துக்கொண்டே, 'நேத்து எங்க வுட்ட' என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது தினமும் கேட்கிறார். கேட்பாரே என்பதற்காகவே நானும் விடாமல் படிக்கிறேன்.

நீ கேட்டிருந்தாய், வேலை முடிந்து வந்ததும் தூக்கம் தள்ளுகிறது, ஆரம்பிக்கிறேன் ரெண்டு நாளில் விட்டுப்போகிறது, எப்படித் தினமும் படிப்பது என்று. பைபிளை டிரங்குப் பெட்டிக்குள் வைத்தால் உன் அம்மாவாலும் முடியாது. டீ குடிக்கிற டம்ளர் பக்கத்தில் வை, டீ குடிக்காமல் இருக்க மாட்டாய். அதிகாரம் முழுசும் வேண்டாம், கண் சொருகுகிற வரைக்கும் படி. ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போனதுதான், மறுநாள் சேர்த்துப் படிக்கிறேன் என்று உட்காராதே, அது கடன் அடைக்கிற மாதிரி ஆகி அப்புறம் புத்தகத்தைக் கண்டாலே ஓடுவாய். எங்கே விட்டாயோ அங்கேயிருந்து எடு. என்னை மாதிரி விரல் மட்டும் வைக்காதே.

இத்தனையும் உனக்குச் சொல்கிறேன், ஆனால் நான் இப்போது நாலாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. அன்பு முழுசாக இருக்கிற இடத்தில் பயம் தங்காது, பயப்படுகிறவருக்கு இன்னும் அன்பு தேறவில்லை என்கிற கருத்தில் யோவான் எழுதியிருக்கிறார். படித்த அன்றைக்குத்தான் ரேடியோவில் இன்னொரு கப்பல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் எனக்கு உன்மேல் அன்பு குறைச்சலா? ஐயரம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர்கள், 'அது நீ புள்ள மேல வெச்ச அன்பு இல்ல வீரம்மா, அவரு உன் மேல வெச்சிருக்கிற அன்பு, அத தெனம் கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சிக்கினு வந்தா பயம் தானா எறங்கும், ஒரே நாள்ல எறங்காது' என்றார்கள். பாதி சமாதானம் ஆனது, பாதி ஆகவில்லை. தினமும் அந்த இடத்துக்கு வருகிறேன், மறுநாள் மறுபடி நாலாம் அதிகாரத்தின் முதல் வரிக்கே போகிறேன். அப்பாவும் 'இன்னும் அங்கயே நிக்கிறியா' என்று சொல்லிவிட்டு, படிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த யோவானும் படகில் போன பிள்ளைதானே என்று முந்தாநாள் திடீரென்று நினைவுக்கு வந்தது. அவர் காற்றில் கடலில் கிடந்த நாளெல்லாம் அவரைப் பெற்றவள், செபெதேயு பெண்சாதி, கரையில் நின்றிருப்பாளே, அவளை யாராவது கேட்டார்களா? பிள்ளைகளுக்கு நல்ல இடம் கொடுங்கள் என்று ஆண்டவரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்தான். ஆனால் கடைசியில் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண்களோடு அவளும் நின்றாள் என்று போட்டிருக்கிறது. பயம் போன பிறகா போய் நின்றிருப்பாள்? உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டேதான் நின்றிருப்பாள். நானும் நடுங்கிக்கொண்டேதான் படிக்கிறேன் தம்பி, பயம் போகட்டும் அப்புறம் படிக்கலாம் என்று இருந்தால் இந்த ஜென்மத்தில் புத்தகத்தைத் தொட முடியாது.

பம்பாய் ஏஜெண்ட் ஆபீஸ் விலாசத்துக்குத்தான் இதையும் போடுகிறேன், எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருமோ. உன் பழைய கடிதம் ரெண்டு மாதம் முன்னால் எழுதினது, அதற்கப்புறம் நீ இருக்கிற நிலைமை எனக்குத் தெரியாது, அதுதான் என்னைத் தின்கிறது. நீயும் அந்த நிருபத்தை முதலிலிருந்து ஆரம்பி. அடுத்த கடிதத்தில் உச்சியில், தேதிக்கும் மேலே, அன்றைக்கு எந்த அதிகாரம் படித்தாய் என்று பெரிசாக எழுது, நான் எந்தப் பக்கம் கிழித்தாலும் கண்ணில் அதுதான் முதலில் படவேண்டும். அதைப் பார்த்துவிட்டால் என் பிள்ளை டீ குடித்தான், புத்தகத்தைப் பிரித்தான், இருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன். அது வந்த மறுநாள் நான் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போவேன். அலை அடிக்கிறபோது மேல்தளத்தில் நிற்காதே, இன்ஜின் சூட்டில் நின்றுவிட்டு உடனே பச்சைத் தண்ணீர் குடிக்காதே, கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன்னை முழு உடம்போடு எங்கள் வாசலில் கொண்டுவந்து விடட்டும்.

உன் வரவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அம்மா
ப. வீரம்மாள்

பின்குறிப்பு: ஒட்டப் போகும்போது அப்பாவிடம், நீங்கள் ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டேன். எனக்கு என்ன எழுத இருக்கிறது என்று போய்விட்டார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, 'அவன் நேத்து எங்க வுட்டான்னு கேட்டு எழுது' என்கிறார்.