தேவைக்கு மிஞ்சிய நேரம்

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். நான் நலம், கால்தான் கனக்கிறது. உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா?

இங்கே ஒரு கூத்து. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஓர் அம்மாவுக்குத் தலைவாரும்போது, கை பழக்கத்தில் ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டது. அவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். உள்ளே வந்த மேற்பார்வையாளர், ஒரே ஆளிடம் நான் 'அன்டியூ' நேரம் செலவழிக்கிறேனாம், இனி நடந்தால் வேலை போய்விடும் என்றார். அந்த இங்கிலீஷ் வார்த்தை புரியாமல் அறைக்கு வந்து கேட்டேன்.

"தேவைக்கு மிஞ்சினதுன்னு அர்த்தம்டி. நாலு வாக்கியத்துல போட்டுப் பாரு, மறக்காது" என்றாள் அறைத்தோழி.

போட்டுப் பார்த்தேன். மேற்பார்வையாளருக்கு அன்டியூ கோபம். எங்கள் சமையலில் அன்டியூ உப்பு. பாப்பாவுக்கு அத்தை கொடுப்பது அன்டியூ செல்லம். என்னை நினைத்து நீங்கள் படுவது அன்டியூ கவலை. சிரித்துவிடுங்கள்.

பள்ளி வண்டி வந்து நின்றாலும் பாப்பாவுக்கு அவசரமாகத் தலைவாராதீர்கள், சிக்கை இழுத்தால் அவளுக்கு வலிக்கும். எவ்வளவு நேரமானாலும் அங்கே உங்களை யாரும் கேட்கப்போவதில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். அவள் கட்டிக் கழற்றிய ரிப்பன் ஒன்றை உறைக்குள் வைத்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள்
பாப்பா அம்மா