‘சம்பந்தி வந்தார்’ தேய்ந்துபோனது பற்றி

பழுதுபார்க்கக் கொடுத்திருந்த பழைய ரேடியோ இன்று காலை வீட்டுக்குத் திரும்பி வந்தது. குமிழைத் திருப்பியதும், சத்தம் வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. வால்வு சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி கருகுகிற வாசனை. கொண்டுவந்த பையன் “நல்லா கேக்குதுங்களா சார்?” என்றான். கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பெட்டியை நிறுத்தினேன். அந்த வாசனைக்குப் பிறகு யார் பாடினாலும் எனக்குக் காதில் ஏறாது, மேஸ்திரி.

பாலக்கரைப் பூங்காவின் ரேடியோக் கூண்டுக்கு அடியில் சனிக்கிழமைதோறும் அந்த வாசனையில்தான் உட்கார்ந்திருந்தோம். பட்டறையில் நீங்கள் பாய்லருக்கு ரிவெட் ஆணி அடிக்கிறவர்களின் மேஸ்திரி, நான் ஆபீஸ் குமாஸ்தா. அங்கே நமக்குள் பேச விஷயம் கிடையாது. பூங்காவில் இருந்தது. ஊரிலிருந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போக வந்த ஒரு சம்பந்தி, “நாளைக்குக் காலை வண்டிக்குக் கிளம்பிடறேன்” என்று வாராவாரம் சொல்லிக்கொண்டு எட்டு வருஷம் கிளம்பாமலே இருந்த கதை. வானொலியில் ‘சம்பந்தி வந்தார்’ என்று வாரம் ஒரு கால்மணி நேரம். ஊரில் பாதி வீடுகளில் ரேடியோ இல்லாத காலம் அது. சம்பந்தி வராத வீடோ ஒன்றும் கிடையாது. எனவே பூங்கா நிரம்பியது.

முதல் நான்கு வருஷம் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஐந்தாம் வருஷம் கதையில் வரும் மாமியாரின் குரல் மாறியது. அதுவரை பேசிவந்த பழைய அம்மாள் கல்யாணமாகிப் பம்பாய் போய்விட்டதாகச் சொன்னார்கள். புதியவர் ஒவ்வொரு வார்த்தையையும் இஸ்திரி போட்டு மடித்து வைத்துப் பேசினார். அன்றைக்கு ஆரம்பித்தது சண்டை. சுருட்டுக்கடை காதர் பாய் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

“சம்பந்தி மவுத்தாயிட்டாரு. இவனுங்க இன்னும் அடக்கம் பண்ணல, அவ்வளவுதான்.”

நீங்கள் விடவில்லை. “நிகழ்ச்சி நல்லாத்தான் இருக்கு பாய். கேக்குறவங்க காதுதான் கெட்டுப்போச்சு.”

“யாரு காது மேஸ்திரி? என் காதா?”

“எது நல்லா இல்ல, சொல்லுங்க. சும்மா நல்லா இல்லன்னா எப்படி? எந்த இடம்? மொதல்லேருந்து சொல்லுங்க.”

காதர் பாய் மொதல்லேருந்து சொல்லுவார். சும்மா சொல்லமாட்டார், நடிப்பார். மாமியார் இப்படி வந்தாள், சம்பந்தி இப்படித் திரும்பினார், இவள் இதைச் சொல்ல அவர் அதைச் சொன்னார் என்று உங்கள் முகத்துக்கு நேரே, உங்கள் மூக்கில் சுருட்டுப் புகை படும் தூரத்தில், பூங்காவின் அந்தக் கோடி வரை கேட்கும் குரலில் நடித்துக் காட்டுவார். நீங்கள் கண்ணிமைக்காமல் பார்ப்பீர்கள். முடிந்ததும் “இதுல என்ன குத்தம்?” என்பீர்கள். காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு முறை நடிப்பார். ஒரு மோசமான நிகழ்ச்சியை அத்தனை சிரத்தையாக யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. வானொலியைவிட அவர் நடிப்பு மேல் என்று பலரும் சொன்னார்கள். அதுவும் அவருடைய கட்சிக்கே சாட்சியாகப் போய்ச் சேர்ந்தது.

நான் காதர் பாய் கட்சி. சம்பந்தி நான்காம் வருஷ முடிவில் காலை வண்டியைப் பிடித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதை உங்களிடம் சொன்னபோது, “நீங்க படிச்சவரு சார், உங்களுக்குப் புதுசு புதுசா வேணும். எங்களுக்குப் பழசே போதும்” என்றீர்கள். மரியாதையான வசவு.

நீங்கள் எப்போதும் ரேடியோவுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்காருவீர்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “பெட்டியில பாக்க என்ன இருக்கு? சிரிக்கிற மூஞ்சியப் பாக்குறதுதான் சொகம்” என்றீர்கள். நல்ல வாக்கியம். அதை எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்குத் துணுக்காகக்கூட அனுப்பிவைத்தேன். போடவில்லை.

ஏழாம் வருஷம் கூட்டத்தில் சிரிப்பு குறைந்தது. முன்பு ஐம்பது வாய் திறக்கும் இடத்தில் பத்துப் பேர், அவர்களும் பாதி வாய்தான். நீங்கள் மட்டும் உரக்கச் சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக. சில நாள் சிரிப்பே வராத இடத்தில். அதைக் கட்சி வெறி என்று எடுத்துக்கொண்டோம்.

பிறகு காதர் பாய்க்கு அந்த யோசனை வந்தது.

“நாம சிரிச்சுச் சிரிச்சுத்தான் அவனுங்க கெட்டாங்க. வர்ற சனிக்கிழமை ஒருத்தனும் பல்லைக் காட்டக் கூடாது. கூண்டுக்கு முன்னால கல்லாட்டம் உக்காரணும். வல்லாஹி, பல்லைக் காட்டுறவனுக்கு என் கடையில சுருட்டு கிடையாது.”

கூட்டம் ஒப்புக்கொண்டது. நாம் சிரிக்கவில்லை என்பது வானொலி நிலையத்துக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். சத்தியாக்கிரகத்தில் அதெல்லாம் பார்க்கக் கூடாது என்றார்கள். காதர் பாய் உங்கள் முன்னால் வந்து நின்று, தன் தீர்மானத்தை இன்னொரு முறை, உதட்டை அழுத்தி அழுத்திச் சொன்னார். நீங்கள் எழுந்து நின்றீர்கள்.

“நான் ஒருத்தனாவது சிரிப்பேன் பாய். ஊர் பூரா கல்லானாலும் சிரிப்பேன்.”

அந்தச் சனிக்கிழமை வந்தது. பூங்கா நிறைந்திருந்தது. வேடிக்கை பார்க்க நம் பட்டறை முதலாளிகூட வாசல் பக்கம் காரை நிறுத்தி இறங்கியிருந்தார். நேரமானதும் தொடக்க இசை வரவில்லை. வீணை வந்தது. பிறகு அறிவிப்பாளர் குரல். முசிறிப் பக்கம் ஆற்றைக் கடந்துகொண்டிருந்த படகு வெள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள். கரை சேர்ந்தவர்கள் சிலரே. வழக்கமான நிகழ்ச்சி இன்று இடம்பெறாது. மறுபடியும் வீணை. மறுபடியும் அதே அறிவிப்பு.

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் கூண்டைப் பார்த்துக் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார்கள். முடிவு செய்துகொண்டபடியே.

நீங்கள் சிரித்தீர்கள்.

எங்களைப் பார்த்துக்கொண்டு, எங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். “அட்றா சக்கை! சம்பந்தின்னா சம்பந்திதான்!” என்றீர்கள். அறிவிப்பாளர் இறந்தவர்களின் ஊர்களைப் படித்துக்கொண்டிருந்தார். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை சிரித்தீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர் நீங்கள். அன்று ஊர் உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்தது, அது ஒன்றைத் தவிர.

முசிறியிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த ஒருவர் பின்வரிசையில் இருந்தார். எழுந்து, ஆட்களைத் தாண்டி வந்து, உங்களை அறைந்தார். நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்போதும் பாதிச் சிரிப்போடு காதர் பாயைப் பார்த்து, “என்ன பாய், ஆள் வெச்சு அடிக்கிறீங்களா?” என்றீர்கள். காதர் பாய்க்கு அந்தக் கேள்வி எதையோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். மூன்று வருஷமாக மாமியாரையும் சம்பந்தியையும் நடித்துக் காட்டிய அதே முகத்தாலும் கையாலும், ஆறு, படகு, கவிழ்ந்தது, போனார்கள் என்று நடித்துக் காட்டினார். இந்த முறை அவருக்குக் குரல் தேவைப்படவில்லை. அப்போது உங்கள் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ரேடியோ எங்களுக்குச் சொன்னதை நீங்கள் அந்த நிமிஷத்தில்தான் தெரிந்துகொண்டீர்கள்.

பாய்லருக்குள் இருபது வருஷம் உட்கார்ந்து, வெளியே சுத்தியல் விழ விழ உள்ளேயிருந்து ரிவெட்டைத் தாங்கிப் பிடித்தவருக்குக் காது மிச்சம் இருந்தால்தான் அதிசயம். அந்த அதிசயம் நடந்துவிட்டதாக ஒரு பட்டறை முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். அங்கே எல்லாரும் கத்தித்தான் பேசுவோம், எல்லாரும் இரண்டு தடவைதான் சொல்லுவோம். மூன்று வருஷ விவாதத்தில் நீங்கள் எதைக் காப்பாற்றினீர்கள் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நிகழ்ச்சியை அல்ல. சனிக்கிழமை பூங்காவுக்கு வராமல் நின்றால் ஏன் என்பார்கள். வந்து சிரிக்காமல் இருந்தாலும் ஏன் என்பார்கள். மறுத்துப் பேசினால் மட்டும்தான் யாராவது எதிரே வந்து நின்று முழுக்கதையையும் சொல்லுவார்கள்.

உங்கள் வீட்டம்மா ஆரோக்கியத்திடம் இதைப் பற்றிப் பேசத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். “எனக்குத் தெரியாதா சார்?” என்றார். “நான் சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு தலையாட்டுற மனுசனா அவரு? மூணு வருசமா ஆட்டுறாரே.”

பட்டறையில் உங்கள் வேலையின் கடைசிப் பகுதி, அடித்த ரிவெட்டைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. இறுகியது கணீரென்னும், இறுகாதது பொத்தென்னும் என்பது முதலாளிக்குத் தெரியும். ரிவெட்டின் மறுபக்கத்தில் நீங்கள் வைத்திருக்கும் இடதுகை விரலுக்கு அதைவிட நன்றாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் அவர் உங்களுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். நீங்கள் திரும்பவில்லை. பரீட்சை அவ்வளவுதான்.

“செவிடன் தட்டிப் பாத்த பாய்லர்னு தெரிஞ்சா மண்ணச்சநல்லூர்ல எந்த மில்லுக்காரன் வாங்குவான்?” என்று என்னிடம் கேட்டார். விரலைப் பற்றிச் சொன்னேன். நியாயமான மனிதர், முழுக்கக் கேட்டார். புதிதாக ஓர் ஆளைக் கொண்டுவந்து, நீங்கள் பார்த்து முடித்து இன்னும் விற்பனைக்குப் போகாமல் நின்ற பாய்லர்களை எல்லாம் மறுபடி தட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு ரிவெட்டும் தப்பில்லை என்று வந்தது. முதலாளிக்குச் சந்தோஷம். புதிய ஆளை நிரந்தரமாக்கினார்.

உங்களுக்கு வாசலில் காவல்காரர் வேலை தருவதாகச் சொன்னார். “வர்றவன் சத்தம் கேக்காத காவக்காரனா? அவரு தமாஷ் பண்றாரு சார். சம்பந்தி தேவல” என்று மறுத்துவிட்டீர்கள். மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி மில்லில், நெல் அவிக்கிற இடத்தில் அடுப்புக்கு உமி தள்ளும் வேலைக்குப் போனீர்கள். அங்கே நின்றது நீங்கள் தட்டி அனுப்பிய பாய்லர்களில் ஒன்று என்று சொன்னீர்கள். அதன் பக்கத்தில் தைரியமாக நிற்கலாம் என்றீர்கள். பாய்லர் ஒன்றும் செய்யவில்லை. உமித்தூசி செய்தது. இரண்டாம் வருஷம் இருமல் வந்து படுத்தீர்கள்.

நீங்கள் மில்லுக்குப் போன நாளிலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில், மாதா கோயில் பூசை முடிந்து நீங்கள் வந்ததும், உங்கள் வீட்டுக்கு வந்து சனிக்கிழமைக் கதையைச் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காதர் பாய் பூங்காப் பக்கமே வருவதை நிறுத்திவிட்டிருந்தார். நான் நடிகன் அல்ல. உதடு தெரிய மெதுவாகச் சொன்னேன். சொல்லும்போது ஆங்காங்கே கொஞ்சம் சரிசெய்தேன். மாமியாரின் இஸ்திரியைக் கலைத்தேன். நீங்கள் சிரித்தீர்கள், சரியான இடத்தில், தாமதமில்லாமல். ஆரோக்கியம் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

கொஞ்ச நாளில் வானொலி அந்த நிகழ்ச்சியை நிறுத்திவிட்டது. அறிவிப்புக்கூட இல்லை, ஒரு சனிக்கிழமை அந்த நேரத்தில் விவசாயிகளுக்கு ஏதோ சொன்னார்கள். நான் உங்களிடம் அதைச் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு கதையை உண்டாக்கிக்கொண்டு வந்து சொன்னேன். அப்படிப் பல மாதம். சம்பந்தியை முக்கொம்புக்கு உல்லாசப் பயணம் அனுப்பினேன், பல்செட் கட்டவைத்தேன், தேர்தலில் நிற்கவைத்தேன். நான் எழுத்தாளன் ஆனது அந்த பஸ்ஸில்தான். பத்திரிகைகள் அதற்குப் பிறகு கண்டுபிடித்தன.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி குடை வாங்கப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தினீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்.

“சார், கோவிச்சுக்காதீங்க. காதர் பாய் சொன்னது சரிதான். ஆனா அப்ப இல்ல.”

“பின்னே எப்ப மேஸ்திரி?”

“இப்ப. ரெண்டு மூணு மாசமா. தேஞ்சுகிட்டே வருது.” கொஞ்சம் இருமினீர்கள். “உமி தள்ளுற எடத்துல ஒரு பையன் சொன்னான், ரேடியோவுல அத எப்பவோ நிறுத்திட்டாங்களாம். நீங்க நல்லாத்தான் கொண்டுபோனீங்க சார். தேர்தல் வரைக்கும் நல்லா இருந்துச்சு. அப்புறம் சிரிக்க வைக்கணும்னு அலையுறீங்க. என் மூஞ்சியப் பாத்துகிட்டே சொல்றீங்க. கதையப் பாருங்க சார்.”

என் எழுத்தைப் பற்றி இதுவரை வந்த விமர்சனங்களில் அதுதான் சரியானது. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நிஜமான கோபம், சாகப்போகிற மனிதரிடம். எந்த இடம் நல்லா இல்லை, சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒண்ணொண்ணாகச் சொன்னீர்கள். நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பும்வரை நாம் உரக்கச் சண்டை போட்டோம். மற்ற கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

அந்த வாரம் முழுக்கப் பட்டறைக்கு லீவு போட்டுக் கதையை மட்டும் பார்த்தேன். அடுத்த ஞாயிறு பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் ஒரு கதை இருந்தது. எந்த முகத்தையும் பார்க்காமல் உண்டாக்கியது. அலையாதது. பாலம் தாண்டும்போது சத்தமில்லாமல் ஒருமுறை உதடு அசைத்துச் சொல்லிப் பார்த்தேன், சரியாக நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் ஆரோக்கியம் எனக்காக நின்றிருந்தார். வெள்ளிக்கிழமையே அடக்கம் முடிந்துவிட்டது என்றார். காதர் பாய்தான் முன்னால் நின்று எல்லாம் செய்தாராம். எனக்குச் சொல்லி அனுப்பிய ஆள் ஸ்ரீரங்கத்தில் வீடு தெரியாமல் திரும்பிவிட்டானாம்.

அந்தக் கதை இன்னும் என்னிடம் இருக்கிறது, மேஸ்திரி. பத்திரிகைகள் வேடிக்கைக் கதை கேட்கும்போதெல்லாம் வேறு ஏதாவது கொடுக்கிறேன். நன்றாயிருக்கிறது என்று கடிதம் போடுகிறார்கள். எந்த இடம் என்று ஒருவரும் சொல்வதில்லை.