நாலாவது குன்று

கண்டாச்சிபுரம்
3 டிசம்பர் 2024

அன்புள்ள வெனிலா அப்பாவுக்கு,

ஆண்டவர் அருளால் இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சர்க்கரை எப்படி இருக்கிறது? போனில் பேசினால் ரெண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் பங்குக்கும் மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தேன். ஃபாதர் மந்திரித்து முடித்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். இந்த வருஷமும் நீங்கள் வரவில்லை.

இன்னொரு விஷயம். வருகிற பத்தொன்பதாம் தேதியோடு நம் பிள்ளை வெனிலா போய் ரெண்டு வருஷம் ஆகிறது. திண்டிவனம் காலேஜிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் ஊருக்கு மேற்கே இருக்கிற ஐந்து குன்றுகளையும் ஒரே நாளில் தனியாக ஏறி இறங்குவாளே, அதே வழியில் அன்றைக்கு நானும் தனியாகப் போகப்போகிறேன். நாலாவது குன்றை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜாக்குலின்

*

கோட்டக்குப்பம்
9 டிசம்பர் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

போகாதே. மூட்டுவலியை வைத்துக்கொண்டு மார்கழிப் பனியில் பாறை ஏறுகிற வயசா உனக்கு?

அங்கே பார்க்க என்ன இருக்கிறது? விழுப்புரத்தில் பிரேதப் பரிசோதனை முடிந்த அன்று, போலீஸ்காரர் ஒருவர் அவள் ஷூவை என் கையில் கொடுத்தார். “பாறை மேல ஜோடியா கழட்டி வச்சிருந்துது சார், சாக்ஸ உள்ள சுருட்டி” என்றார். தவறி விழுகிறவள் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டா விழுவாள்? நம்மிடம் சொல்லாமல் எதையோ மனசில் வைத்திருந்தாள். அது என்னவென்று தெரியாமல் அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அண்ணன் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். கல்லறைக்கு வந்து அவளிடம் நான் என்ன பேசுவது?

மூட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
அமலதாஸ்

*

கண்டாச்சிபுரம்
21 டிசம்பர் 2024

அன்புள்ள வெனிலா அப்பாவுக்கு,

போய் வந்துவிட்டேன். உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய டிராக் பேண்டையும் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு விடியும்போதே கிளம்பினேன். முதல் குன்றில் ஆடு போகிற தடம் இருந்தது. ரெண்டாவதில் தடமும் இல்லை, முள்ளும் பாறையும்தான். பனி அப்படி இறங்கியிருந்தது, நீட்டிய கை தெரியவில்லை. விரலெல்லாம் மரத்துப்போய், பிடித்திருப்பது கல்லா வேரா என்றுகூடத் தெரியவில்லை.

அங்கேதான் பின்னால் உங்கள் காலடியைக் கேட்டேன். நான் நின்றால் நின்றது. நடந்தால் வந்தது. “யாரு?” என்று கேட்டேன். பயந்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் யோசித்தேன். வேண்டாம் என்று எழுதிவிட்டு மனசு கேட்காமல் நீங்களே பின்னால் வந்துவிட்டீர்கள் என்று. வீம்பு பிடித்த மனுஷன், முகம் காட்ட மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது குன்றின் சரிவில் நான் உட்கார்ந்து சறுக்கித்தான் இறங்கினேன். அப்போது, “பாத்து வாங்க” என்று உங்களுக்குச் சொன்னேன்.

நாலாவது குன்றின் உச்சியில் அகலமான பாறை ஒன்று. அதன் வடக்குப் பக்கம் முழுக்கப் பாசி, பனியில் நனைந்து கிடக்கிறது. அதில் என் ஷூ நிற்கவே இல்லை. யோசிக்காமல் கழற்றினேன். சாக்ஸ் நனையக்கூடாதென்று சுருட்டி உள்ளே திணித்து, காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தேன். இறங்க வழி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வெறுங்காலோடு போனேன். நாலடி போன பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். என் ஷூ ஜோடியாக இருந்தது.

மறுபடி விளிம்புப் பக்கம் ஓரடி வைத்த நேரம் பின்னால் ஒரு கல் உருண்டது. சத்தம் கேட்டு உடம்பைத் திருப்பினேன், கால் வழுக்கியது. திரும்பியிருந்ததால் பாறையிடுக்கில் இருந்த வேர் கைக்கு எட்டியது. இல்லையென்றால் நானும் அவள் விழுந்த இடத்தில்தான் கிடந்திருப்பேன்.

நம் பிள்ளை குதிக்கவில்லை, வெனிலா அப்பா. வழி தேடித்தான் போனாள். அவள் பக்கத்தில் கல் உருட்ட யாரும் இல்லை.

ஐந்தாவது குன்றையும் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற விருத்தாசலம், “ஏம்மா, உங்க பின்னாடியே ஒருத்தர் வந்துக்கினு இருந்தாங்களே, எங்க காணோம்?” என்று கேட்டார். “வீட்டுக்காரர்தான்” என்றேன். வெகுநேரம் நின்று பார்த்தேன். பேசாமலே பஸ் ஏறிவிட்டீர்களே. உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லக்கூட விடவில்லை.

இப்படிக்கு,
ஜாக்குலின்

*

கோட்டக்குப்பம்
28 டிசம்பர் 2024

அன்புள்ள ஜாக்குலினுக்கு,

கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். பாதி ஷட்டரை இழுத்துவிட்டு அழுதேன். ரெண்டு வருஷமாக அவளை என்னென்னவோ நினைத்துவிட்டேன். நீ சொல்வதை நம்புகிறேன். முழுசாக நம்புகிறேன்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்லக் கூடாது. பின்னால் வந்தது நான் இல்லை. பத்தொன்பதாம் தேதி காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அண்ணிதான் கஞ்சி கொடுத்தார்கள், கேட்டுப் பார்.

அது யார் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் என்னால் தாங்க முடியாது.

பொங்கலுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறேன். இனி அங்கே தனியாகப் போகாதே. அடுத்த மார்கழியில் நானும் உன்னோடு ஏறுகிறேன்.

அன்புடன்,
அமலதாஸ்

*

கண்டாச்சிபுரம்
4 ஜனவரி 2025

அன்புள்ள வெனிலா அப்பாவுக்கு,

வாருங்கள். அது உங்கள் வீடு. உங்கள் கட்டிலுக்குப் புதுப்பாய் வாங்கிவிட்டேன். அவள் பெயருக்குப் பூசை வைக்க ஃபாதரிடம் சொல்லியிருக்கிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம். கல்லறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நில்லுங்கள்.

மலைக்கு மட்டும் வராதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. நீங்களும் கூட நடந்தால், கேட்கிற காலடி யாருடையது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
ஜாக்குலின்