பீலிக்கரையில் பாசி இல்லை

ஐப்பசி, ஞாயிறு இரவு

தூக்கம் வரவில்லை. எழுதினாலாவது மனம் அடங்குகிறதா பார்க்கிறேன்.

மண்சரிவு அபாயம் என்று தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தைக் காலி செய்து இரண்டு வருடமாகிறது. அப்போது நட்டுவிட்டு வந்த மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்க இன்று பிற்பகல் அங்கே போனேன். கூரைத் தகரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வாசலெல்லாம் ஆளுயரப் புல். ஆனால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நாங்கள் தண்ணீர் பிடித்த பீலிக்கரை மட்டும் பளிச்சென்று இருந்தது. கல்லில் பாசி இல்லை. தண்ணீர் வழிந்தோடும் கானில் ஓர் இலைகூட அடைத்திருக்கவில்லை. இப்போதுதான் யாரோ தேய்த்துக் கழுவியதுபோல் இருந்தது.

பின்னால் வாளிச் சத்தம். திரும்பினால் பார்வதி, லயத்தில் எங்கள் பக்கத்து வீடான காம்பராவில் இருந்தவள். அவளுக்குப் புதுவீடு கிடைத்து எனக்குக் கிடைக்காமல் போனதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.

"நீதான் கழுவுறியா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் ஞாயித்துக்கெழமதான் வாறேன். எப்ப வந்தாலும் கழுவித்தான் கெடக்கு. சும்மா போக மனசில்லாம நானும் ஒருக்கா தேச்சுட்டுப் போவேன். நீங்கதான்னு நெனச்சேன், சரசக்கா."

"காலி பண்ணுனதுக்கு அப்புறம் நான் இன்னைக்கித்தான் மொதத் தடவ வாறேன்."

இருவரும் கதவில்லாத காம்பராக்களைப் பார்த்தோம். ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

பிறகு சேர்ந்தே தேய்த்தோம். அவளுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். எனக்குத் தெரியவே இல்லை.

"அடுத்த வாரம் மத்தவங்களையும் கூப்பிட்டு வருவோம்க்கா," என்றாள். உடனே சரி என்றேன். இனித் தனியாக அங்கே போக எங்கள் இருவருக்குமே தைரியம் கிடையாது.