சீதனத்தில் போன சீமைக் கார்

மண்ணுக்குள் போன பிறகும் என் பேச்சுத் துணையாய் இருக்கிற மச்சானே,

உன்னை அடக்கி நாற்பது நாளாயிற்று. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, எழுதுகிறாள். அழுதுகொண்டுதான் எழுதுகிறாள்.

அன்று உன்னைச் சுமந்து வந்த சந்தூக்கைப் பள்ளியில் இறக்கியதும் உன் மருமகன் முன்னால் வந்து கேட்டார்: “எங்கட மாமா ஆருக்கும் பிழை செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிப் பொருந்திக்கங்க.” பள்ளி நிறைந்த சனம் “பொருந்திக்கிட்டோம்” என்றது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்.

பெரிய வயல்களுக்குச் சொந்தக்காரரான இறக்காமத்துப் போடியாரின் உழவு மெஷினைத் திருத்தப் போனோமே, நினைவிருக்கிறதா? நெல்லுக்கு வந்த யானை களஞ்சியச் சுவரை இடித்துவிட்டுப் போயிருந்தது. இடிந்த ஓட்டைக்குள், வைக்கோலுக்கு நடுவே, ஒரு சீமைக் கார்! கூரை கிடையாது. பின்பக்கம் தோணி போலக் கூராய் இருந்தது. வாய்க்கால் வெட்ட வந்த வெள்ளைக்காரத் துரை, போடியாரின் வாப்பா காலத்தில் விட்டுப் போனதாம்.

“கொண்டு போங்கடா. ஆனையே வேணாம் எண்டு விட்டுட்டுப் போயிட்டு” என்றார் போடியார்.

“மச்சான், ரெண்டு பேருக்குத்தான் இடம் இரிக்கி. ஒண்டு உனக்கு, ஒண்டு எனக்கு” என்றாய் நீ.

என் வீட்டு வளவில் இடமில்லாததால் உன் வளவில் நிறுத்தினோம். ஏழு வருசம்! உள்சட்டம் முழுக்க மரம்; கறையான் தின்றிருந்தது. நீ தோணி கட்டுகிற ஓடாவி. மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்துப் பூட்டினாய். என்ஜின் என் பாடு. இந்தக் காலத்து ஸ்பேனர் எதுவும் அதன் நட்டுக்கு அமையவில்லை. நானே அடித்துச் செய்தேன். பொத்துவில் வரை ஓட்டிப்போன அன்று அட்டாளைச்சேனைச் சனம் கடையை விட்டிறங்கி வந்து பார்த்தது.

பிறகு உன் மகளின் கலியாணம். வீடும் வளவும் பெண்ணுக்கு என்பது நம் வழக்கம். சீதனக் கடுதாசி எழுதி முடிந்ததும், “சாட்சிக்கு முதல்ல எங்கட மச்சான் விரல் வைக்கட்டும்” என்றாய். பெரிய மரியாதை செய்கிறாய் என்று, சாறனில் கையைத் துடைத்துவிட்டு வைத்தேன். யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. நீ நீட்டிய கடுதாசியை நான் எதற்கு வாசிக்கச் சொல்ல வேண்டும்?

ஒரு மாதம் கழித்து ஸ்பேனரோடு வந்தேன். மருமகன் மரியாதையாகத்தான் சொன்னார்: “மாமா, காரும் கடுதாசியில இரிக்கே. நீங்களும் விரல் வெச்சிரிக்கீங்க.”

உன்னிடம் ஓடி வந்தேன்.

“குமர் காரியம் மச்சான். கார் இல்லாட்டிக் கலியாணம் வேணாம் எண்டுட்டாங்க மாப்புள வீட்டார்.”

“எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ விட்டிருப்பியா?”

விட்டிருப்பேன், மச்சான். அவள் என் மடியில் வளர்ந்த பிள்ளை. கேட்டிருந்தால் காரைக் கழுவித் துடைத்து நானே கொடுத்திருப்பேன். நீ கேட்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஊரில் ஒருவனும் எனக்கு எதிராக எடுத்ததில்லை, நீ எடுத்தாய். அதற்குப் பிறகு பதினொரு வருசம் ஒரே வரிசையில் தொழுதோம், சலாம் சொன்னோம், கதைக்கவில்லை. “பிழை விட்டுட்டன்” என்ற ஒரு சொல் உனக்கு அவ்வளவு கனமா?

நேற்று உன் மகள் வந்தாள். கார் உப்புக் காற்றில் மறுபடி துருவேறிக் கிடக்கிறதாம்.

“மாமா, காரக் கொண்டு போங்க. வாப்பாவப் பொருந்திட்டன் எண்டு மட்டும் சொல்லுங்க.”

“கார் ஒனக்குத்தான், புள்ள. அத நான் அண்டைக்கே மனசால தந்திட்டன்” என்றேன். மற்றதைச் சொல்ல வரவில்லை. கதவோரம் நின்ற உன் தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள்.

சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நிம்மதியாய்ப் போயிருக்கும். ஆனால் மவுத்தான உனக்கு நான் பொய்ப் பொருத்தம் சொல்லலாமா? அங்கே, மறுமையில், உன்னைக் கேட்கும்போது அந்தப் பொய் உனக்கு உதவுமா?

ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு விடியலிலும் சுபஹு தொழுத பிறகு என் மனதைத் தட்டிப் பார்ப்பேன். அது உண்மையாகப் பொருந்துகிற அன்று உன் கபுரடிக்கு வந்து, ஊர் கேட்கச் சொல்வேன். அதுவரை அந்தப் பக்கம் வரமாட்டேன்.

இன்றும் தட்டிப் பார்த்தேன், மச்சான். இன்னும் இல்லை.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உன் மச்சான்