எங்கள் லயத்து விளக்குக்கு ஆகும் உண்மைச் செலவு

விடுநர்:
சி. பிச்சைமுத்து,
ஓய்வுபெற்ற எஞ்சின் டிரைவர்,
புக்கிட் செராயா தோட்டம், ஈப்போ.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட அலுவலகம், பத்து காஜா.

பொருள்: தோட்டத்து மின்சாரத் திட்டத்தை மாசி மாதம் வரை நிறுத்திவைக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் எழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்கவும். அறுபத்தெட்டு வயதில், ஆசிரியை நவமணியின் வகுப்பில் எட்டு மாதங்களாகத்தான் எழுதப் பழகுகிறேன். இந்தத் தாளுக்கு நான்கு நாட்கள் ஆயின. நான்கும் நல்ல நாட்கள். தங்கள் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி சதாசிவம் இதை மலாய் மொழியில் சொல்வார்.

1. தோட்ட அலுவலகப் பலகையில் ஒட்டிய விலைப்பட்டியலை நானே வாசித்தேன். ஓடையை மறித்து மின்சாரம் எடுப்பது மலிவு. டீசல் எஞ்சின் அடுத்தது. சாலையிலிருந்து கம்பி இழுப்பதே அதிகம். ஆகவே ஓடைத் திட்டம் மாத முடிவில் தங்கள் ஒப்புதலுக்கு வருகிறது.

2. போன மாதக் கூட்டத்தில் ஓடைக்கு முதலில் கை தூக்கியவன் நான். எஞ்சின்காரனுக்குத் தெரியும் என்று நம்பி எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நாற்பது குடும்பமும் கை தூக்கியது. அன்று அடைமழை, ஓடை நெஞ்சளவு ஓடியது. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நல்லம்மாள் கேட்டாள்: "ஏங்க, மாசியில அந்தத் தண்ணில கொலுசாச்சும் நனையுமா லா?" மாசியில் ஓடை கணுக்கால் அளவுதான். அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் மறித்தால் கீழே குளிக்கவும் துவைக்கவும் இருக்காது. விளக்கும் எரியாது. பட்டியலில் இது இல்லை.

3. டீசல் கணக்கில் என் வலது காது இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள், தோட்டத்தில் இப்போது ஓடும் டீசல் எஞ்சினைப் பிள்ளையைப் போல் துடைத்து வைத்தேன். அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனாலும் நல்லம்மாள் இன்றும் என் இடது பக்கம் வந்துதான் பேசுகிறாள். கொடியில் காயும் துணியெல்லாம் அதன் கரி.

4. கம்பி வழியாக வரும் மின்சாரமும் எங்கோ எதையோ எரித்து வருவதுதான். அங்கே யாருக்கு என்ன போகிறதோ, அறியேன். அதையும் விசாரித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கம்பங்களுக்குக் குழி தோண்டும் செலவை மட்டும் கழித்துவிடலாம். கோத்தோங் ரோயோங்கில், எல்லோரும் கூலியின்றிக் கூடி, நாங்களே தோண்டித் தருகிறோம். பக்கத்து வீட்டு ராக்காயி இப்போதே மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டுவிட்டாள்.

ஆகவே ஐயா, என் கையை நம்பிய நாற்பது குடும்பத்துக்காகக் கேட்கிறேன். மாசியில் ஒரு பொறியாளரை அனுப்பி ஓடையை அளந்த பிறகே முடிவெடுங்கள். தாங்களே வந்தால் நல்லம்மாள் தேநீர் தருவாள். எஞ்சின் ஓடும்போது வாருங்கள். எங்களோடு கத்திப் பேச வேண்டியிருக்கும்.

அதுவரை வெள்ளிதோறும் நான் ஓடையில் இறங்கி அளந்து தங்களுக்கு எழுதுவேன். அடுத்த வாரக் கடிதத்தில் எழுத்து இன்னும் சற்று நேராக இருக்கும்.

இன்றைய ஆழம்: முழங்காலுக்கு மேல் நான்கு விரல்.

இடம்: புக்கிட் செராயா தோட்டம்
நாள்: 14.12.1979

பணிவன்புடன்,
சி. பிச்சைமுத்து